விளக்கு எரிந்தது, பேட்டரி நிறையவில்லை



2012ஆம் ஆண்டின் மின்வெட்டு நாட்களை சேலம், நாமக்கல் பகுதியிலுள்ள நாம் எளிதில் மறந்திருக்கமாட்டோம். பகலில் விசைத்தறிகள் ஓய்ந்துகிடந்தன. இரவில் தெருக்கள் இருளில் மூழ்கின. அந்நாட்களில் ராசிபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வாரந்தோறும் மாலை ஜெபக்கூட்டம் நடத்திவந்தேன். ஒலிபெருக்கிக்கும் ஒரு விளக்குக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றே துணை. அதைச் சார்ஜ் செய்து கொண்டுவருவது ஆலயப் பணியாளராகிய பெரியவர் ஒருவரின் பொறுப்பு.

ஒரு மாலை, பிரசங்கத்தின் நடுவே ஒலிபெருக்கி கரகரத்து நின்றது. அடுத்த வாரமும் அவ்வாறே. “கரண்டு இருந்த நேரமெல்லாம் சார்ஜ் போட்டேனுங்க ஐயா. லைட்டும் எரிஞ்சுதுங்க” என்றார் பெரியவர். நான் நம்பவில்லை. சபையார் கேட்கும்படியே அவரைக் கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்து நின்றார்.

பேட்டரி கெட்டுவிட்டதோ என்ற எண்ணத்தில், நாமக்கல்லில் லாரிகளுக்கு மின்வேலை செய்யும் சகோதரர் ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றேன். அவர் அதைத் தம்முடைய சார்ஜரில் போட்டுவைத்தார். மறுநாள் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளிலும் ஆசிட்டின் அடர்த்தியைச் சோதித்தார், எல்லாவற்றிலும் 1.25 அளவு காட்டியது. சில மணி நேரம் கழித்து வோல்ட் பார்த்தபோது 12.6 இருந்தது. “பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது. சார்ஜரைக் கொண்டாங்க ஐயா” என்றார்.

சார்ஜரின் அமைப்பு எளியது. டிரான்ஸ்பார்மர் வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டுக்கு இறக்குகிறது. அந்த மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. பேட்டரிக்கோ ஒரே திசையில் ஓடவேண்டும். அவ்வாறு திருப்பிவிடுவது நான்கு டையோடுகளின் வேலை. அவற்றில் ஒன்று அறுந்தாலும் மின்சாரத்தின் ஒரு பாதி கடந்துவராது. ஆறு ஆம்பியர் செல்லவேண்டிய இடத்தில் ஏறக்குறைய மூன்றுதான் செல்லும்.

அவர் மின் இணைப்பை நீக்கி, பேட்டரி ஒயர்களையும் கழற்றினார். டையோடுகளைத் தனித்தனியே பிரித்து மல்டிமீட்டரில் சோதித்தார். மூன்று டையோடுகள் ஒரு பக்கமாக வைத்தபோது அரை வோல்ட் அளவு காட்டின. திருப்பி வைத்தபோது மின்சாரத்தைத் தடுத்தன. அதுவே சரியான நிலை. நான்காவது எப்படி வைத்தாலும் ஒன்றும் காட்டவில்லை. சார்ஜரின் விளக்கோ டையோடுகளுக்கு முன்பாகவே இணைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் உள்ளே வருகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பேட்டரிக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு அல்ல.

“சிவப்பும் கருப்பும் எப்பவாவது மாத்திக் குடுத்துட்டீங்களா ஐயா? அப்பத்தான் டையோடு இப்படிப் போகுமுங்க” என்று அவர் கேட்டபோது என் நாவு எழவில்லை. ஒரு மாதத்துக்குமுன் அவசரத்தில் நானே ஒயரை மாற்றி இணைத்தேன். தீப்பொறி பறந்தது, பியூஸ் உருகியது. புதிய பியூஸ் போட்டேன், விளக்கு எரிந்தது. தப்பித்தோம் என்றெண்ணி ஒருவரிடமும் சொல்லவில்லை. என் பிழையின் பாரத்தைத்தான் அந்தப் பெரியவர் சபையின் நடுவே சுமந்துநின்றார்.

பிரியமானவர்களே, 32ஆம் சங்கீதத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். மறைத்துவைத்த குற்றம் உள்ளிருந்தே பெலனை வற்றச்செய்யும் என்பதை அந்தப் பட்டறையில்தான் உணர்ந்தேன். ஜெபிக்கிறோம், காணிக்கை படைக்கிறோம், ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமருகிறோம். வெளியே விளக்கு எரிகிறது. உள்ளே ஓரிடத்தில் அறுந்துகிடப்பதை நாம் மட்டுமே அறிவோம். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாதபோது, அருகிலிருப்பவர்மேல் குற்றம் கண்டுபிடிப்பது எத்தனை எளிதாகிவிடுகிறது!

அந்தச் சகோதரர் மேலும் ஒன்று சொன்னார். குறைந்த சார்ஜிலேயே நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பின்பு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பெலன் திரும்பாது. எங்கள் பேட்டரி அந்நிலைக்குப் போகுமுன் காப்பாற்றப்பட்டது. அறிக்கையிடாத மனமும் அப்படியே நாளுக்குநாள் இறுகுகிறது. ஆகவே தாமதிக்கவேண்டாம்.

அடுத்த கூட்டத்தில், பிரசங்கத்துக்குமுன், அதே ஒலிபெருக்கியில் நடந்ததைச் சொல்லிப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டவன், எல்லார் முன்பாகவும் கேட்பதே நியாயம். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “விடுங்க ஐயா. இன்னைக்கு மைக்கு நல்லாக் கேக்குதுங்க” என்றார்.

இந்த வாரம் யாரையாவது கடிந்துகொள்ள எழும்புமுன், உங்கள் பக்கத்து ஒயரை ஒருமுறை சோதித்துப்பாருங்கள். ஒப்புரவாகவேண்டியவர் ஒருவர் நினைவுக்கு வந்தால், இன்றே அவரிடம் செல்லுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.