கை சுத்தம்

பல வண்ண உல்லன் நூலைக் கடையில் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஒரே உருண்டையில் ரோஸ், வெள்ளை, பச்சை, நீலம் என்று ஹோலிக்கு மறுநாள் சட்டை மாதிரி இருக்கும். பின்னி முடித்தால் வண்ணம் வண்ணமாகத் தெளித்ததுபோல வரும் என்று மனசு கோட்டை கட்டும். நாலு விரல்கடை வளர்ந்ததும் பார்த்தால், ரோஸெல்லாம் ஒரு ஓரத்தில் குட்டையாகத் தேங்கியிருக்கும். பச்சையெல்லாம் எதிர் ஓரத்தில். பின்னுகிறவர்கள் இதை 'பூலிங்' என்கிறார்கள். தண்ணீர் தேங்குவதுபோல வண்ணம் தேங்குவது.

என் பெரியம்மா முப்பது வருஷம் டெல்லியில் இருந்தவர். குளிர்கால வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பின்னல் கற்றவர். இன்றைக்கும் அவருக்கு நேராகப் போடுவது 'ஸீதா', திருப்பிப் போடுவது 'உல்டா'தான். எழுபத்தாறு வயதில், மூட்டுவலி விரல்களோடு, கொள்ளுப்பேத்திக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தார். முதுகுப் பக்கம் பாதி வளர்ந்தபோது இரண்டு ஓரத்திலும் திட்டு.

"கை போயிடுச்சும்மா. முன்ன மாதிரி இழுப்பு சீரா வரலை. ஊசியை யாருக்காவது குடுத்துடறேன்" என்றார்.

அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. பழைய பேப்பரைப் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இஞ்ச் டேப்பை எடுத்தேன். நூலில் ஒரு ரோஸ் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த ரோஸ் தொடங்கும் இடம் வரை 150 செ.மீ. உருண்டை முழுக்க இதே சுற்றுதான். சாயம் போடும்போதே அப்படித்தான் போடுகிறார்கள். ஸ்வெட்டரில் வரிசைக்கு 50 கண்ணி. பத்து கண்ணியைப் பிரித்து அளந்தால் 15 செ.மீ. ஆக, ஒரு வரிசைக்கு 75. போய்த் திரும்பினால் 150! வலது ஓரத்துக்கு வரும்போதெல்லாம் ரோஸ்தான் காத்துக்கொண்டிருக்கும். இடது ஓரத்தில் பச்சை. வேறு வழியே இல்லை.

ஆனால் இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு நூலைத் தின்ன வேண்டும். ஒன்று இறுக்கம், ஒன்று தொளதொள என்று பின்னினால் வண்ணம் வரிசைக்கு வரிசை நகர்ந்து கலைந்துவிடும். கத்துக்குட்டியின் மஃப்ளர் பல நேரம் அழகாகச் சிதறியிருப்பது அதனால்தான். நாற்பது வரிசையும் ரோஸுக்கு மேல் ரோஸ் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், கை போகவில்லை. தராசு முள் மாதிரி நிற்கிறது.

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, அப்ப இதை என்ன பண்றது?" என்றார். ஊசியைக் கொடுக்கிற பேச்சு அத்தோடு நின்றது.

பண்ண நிறைய இருக்கிறது. 50 கண்ணியை 53 ஆக்கினாலே போதும், ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் வண்ணம் 9 செ.மீ. தள்ளிப்போகும். அளவை மாற்ற முடியாதென்றால், இரண்டு உருண்டைகளை வெவ்வேறு வண்ணத்தில் தொடங்கி, இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னலாம். நடுநடுவே சில கண்ணிகளைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்குத் தள்ளினால், கீழ்வரிசை வண்ணம் மேலே ஏறித் திட்டை உடைக்கும். ஒரு எச்சரிக்கை: சின்னதாகப் பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டு இதைக் காட்டிக் கொடுக்காது. அகலம் மாறினால் கணக்கும் மாறும். முதுகில் தேங்கும் நூல் கையில் கோடு கோடாக வருவதும், கைக்குழிக்குக் கண்ணி குறைத்ததும் திட்டு தானாகக் கலைவதும் அதனால்தான்.

இதே கணக்கை வேண்டுமென்றே போடுகிறவர்களும் உண்டு. வரிசைக்கு ஒரு கண்ணி மட்டும் வண்ணம் நகரும்படி பார்த்துக்கொண்டு, சாய்சதுரக் கட்டம் வரவழைக்கிறார்கள். போச்சம்பள்ளியிலும் குஜராத்தின் பாட்டனிலும் நெசவாளர்கள் இன்னும் ஒரு படி மேலே. தறியில் எந்த இடத்தில் எந்த வண்ணம் விழ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நூலைக் கட்டிச் சாயம் தோய்க்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது "கை போச்சு" என்று ஊசியைக் கீழே வைத்தால், ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் இஞ்ச் டேப்பைத் தேடுங்கள்.