ஏற முடிகிற தடை

பிள்ளைகளின் வழியில் ஒரு கல்லும் கிடக்கக் கூடாது என்று இன்றைய பெற்றோர் தவிக்கிறார்கள். அடிபட்டால்தான் புத்தி வரும் என்று எங்கள் காலத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். இரண்டும் பாதி உண்மைதான். எண்பதை நெருங்கும் வயதில் எனக்குப் படுவது இது: தடை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதில் ஏறிப்போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைதூரத் தீவு ஒன்றின் இறால்களைப் பற்றிப் படித்தபோது இது எனக்கு இன்னும் தெளிவானது.

கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோவின் வடகிழக்கில் எல் யுங்கே மழைக்காடு இருக்கிறது. அங்கே மலையில் பிறக்கும் ஓடைகள் அதிக தூரம் ஓடுவதில்லை. சீக்கிரமே கடலைத் தொட்டுவிடும். வயிற்றடியில் முட்டை சுமக்கும் தாய் இறால், அந்த ஓடையில் இரவு நேரத்தில் குஞ்சுகளை விடுகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து முகத்துவாரத்துக்குப் போகின்றன. உப்பு கலந்த நீர் கிடைத்தால்தான் அவை வளரும். ஓரளவு வளர்ந்ததும் மறுபடி ஆற்றில் நுழைந்து, மலையை நோக்கி எதிர்நீச்சல் போடுகின்றன.

வழியில் அருவிகள் குறுக்கிடுகின்றன. இறாலைப் பிடித்துத் தின்னும் மடவை இனத்து மீன் ஒன்றும் அதே ஆற்றில் மேலேறி வருகிறது. ஆனால் பெரிய அருவி வந்தால் அது கீழேயே நின்றுவிடும். இளம் இறாலோ, அருவியோரம் நனைந்து கிடக்கும் பாறையைக் காலால் பற்றிப் பற்றி ஏறிவிடும். அதனால்தான் அருவிக்கு மேலுள்ள மடுக்களில் இறால்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. ஏறும்போது வாட்டிய பாறையே, ஏறிய பிறகு அவற்றுக்குக் காவலாக நிற்கிறது.

கீழே தங்கியவையும் தம் வழியில் பிழைக்கின்றன. சைஃபோகாரிஸ் என்ற இறாலின் நெற்றியில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். மீன்கள் உலவும் இடத்தில் அந்த முள் நீளமாக இருக்கிறது. அருவிக்கு மேலே குட்டையாக இருக்கிறது. இனம் ஒன்றே. முகத்தில் அடித்தாற்போல் பேசும் மனிதரைப் பார்த்தால், இவர் எந்த மீன்களுக்கு நடுவே வளர்ந்தாரோ என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

மேலே சேர்ந்த இறால்களால் ஓடைக்கும் நன்மை உண்டு. ஆட்டியா என்ற இறால், தன் கைகளில் உள்ள மயிர்க்கற்றைகளால் கல்மேல் படிந்த வண்டலையும் பாசியையும் துடைத்துத் தின்னும். சைஃபோகாரிஸ் உதிர்ந்த இலைகளைக் கிழித்துத் தின்னும். ஆய்வாளர்கள் ஓடையில் சிறு இடங்களை மின்வேலியிட்டு இறால்கள் வராமல் தடுத்தபோது, அங்கிருந்த கற்களின்மேல் வண்டல் சேர்ந்தது.

மனிதன் கட்டும் தடைகளைப் பார்ப்போம். நீர் வழியாத பெரிய அணைகளுக்கு மேலே இந்த இறால்கள் அற்றுப்போயின. உயரமான அருவியை ஏறிய உயிரால் காய்ந்த சுவரை ஏற முடியவில்லை. பற்றிக்கொள்ள ஈரம் வேண்டும்.

அதே தீவின் எஸ்பிரித்து சாந்தோ ஆற்றில் இருப்பது சிறு தடுப்பணைதான். குடிநீருக்காக அங்கே நீரை எடுக்கிறார்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கடலுக்கு மிதந்து செல்லும் குஞ்சுகளில் சராசரியாக 42 விழுக்காடு அந்த நீரோடு உறிஞ்சப்பட்டு மடிந்தன. ஆற்றில் நீர் குறைந்த நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இதற்கு அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழிகளில் ஒன்று எளிமையானது: குஞ்சுகள் மிகுதியாக மிதந்து வரும் முன்னிரவில் சில மணி நேரம் நீர் எடுப்பதை நிறுத்தினால், பெரும்பாலானவை பிழைத்துவிடும். ஊருக்கும் தண்ணீர் கிடைக்கும்.

நம் வீடுகளிலும் இந்த இரண்டு விதத் தடைகளும் உண்டு. தேர்வில் தோற்ற பிள்ளையிடம் "அடுத்த முறை எழுது" என்றால் அது அருவி. "நான் சொன்ன படிப்பு இல்லையென்றால் படிப்பே கிடையாது" என்றால் அது அணை. புகுந்த வீட்டில் பெண் நாலு சிரமம் பட்டுப் பக்குவப்படலாம். ஆனால் "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று பிறந்த வீடு சொல்லிவிட்டால், அவள் கை எதைப் பற்றும்?

பிள்ளைகளிடம் நாம் கேட்டு வாங்குவதும் நிறைய. கடைக்குப் போகச் சொல்கிறோம். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். சம்பாதிக்கத் தொடங்கியதும் குடும்பச் சுமையில் பங்கு கேட்கிறோம். கேட்பதில் தப்பில்லை. அவர்கள் படிக்கவும் பழகவும் வேண்டிய நேரத்தை விட்டுவிட்டுக் கேளுங்கள். கையில் மிச்சமில்லாத மாதத்தில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். கஷ்டமே தெரியாமல் வளர்க்க நம்மால் ஆகாது, வளர்க்கவும் வேண்டாம். ஏறி வருகிற வழியை மட்டும் நம் கையால் அடைக்காமல் இருந்தால் போதும்.