வளரும் பூங்காக்கள்

நுழையும்முன்

புதியதைக் காணும் ஆவல் மனிதருக்கு இயல்பானது. அந்த ஆவலையே முதலாகக் கொண்டு இரு பெரும் நிறுவனங்கள் ஒரே நகரில் போட்டியிடுகின்றன. அப்போட்டியில் விரைவுக்கு மதிப்பு மிகுதியா, நிதானத்துக்கு மதிப்பு மிகுதியா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோலின் முன்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களில், விரைந்து பாயும் சவாரிகளின் வாயிலில் ஓர் அளவுகோல் நிற்கும். அதன் குறியை எட்டாத குழந்தைக்கு உள்ளே இடமில்லை. மேஜிக் கிங்டம் பூங்காவின் 'ஸ்பேஸ் மவுன்டன்' சவாரிக்கு அக்குறி 44 அங்குலம். குதிகாலை உயர்த்தி நின்றும் குறியை எட்டாத குழந்தை முகம் வாடித் திரும்புகிறது. "அடுத்த முறை வரும்போது வளர்ந்திருப்பாய்" என்று பெற்றோர் தேற்றுகின்றனர்.

குழந்தை வளரும் என்பதில் ஐயமில்லை. அடுத்த முறை வரும்போது பூங்காவும் வளர்ந்திருக்குமா? ஆர்லாண்டோவில் டிஸ்னி, யுனிவர்சல் ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெறும் போட்டி இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

ஓராண்டில் எழுந்த பூங்கா

டிஸ்னி நிறுவனம் நிதானத்துக்குப் பெயர் பெற்றது என்று இன்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அதன் தொடக்கம் அவ்வாறு இல்லை. கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் டிஸ்னிலேண்ட் பூங்காவின் கட்டுமானம் 1954ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. ஓராண்டே கழிந்த நிலையில், 1955 ஜூலை 17 அன்று பூங்கா திறக்கப்பட்டது. அந்த அவசரத்தின் விளைவு முதல் நாளிலேயே தெரிந்தது. போலி நுழைவுச்சீட்டுகளுடன் வந்தவர்களால் கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெருகியது. கடும் வெயிலில், புதிதாகப் போட்ட தார்ச்சாலை இளகி, பெண்களின் காலணிகளைப் பற்றிக்கொண்டது. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன.

ஆயினும் வால்ட் டிஸ்னி சோர்ந்துவிடவில்லை. திரைப்படம் ஒருமுறை முடிந்து கையைவிட்டுப் போய்விட்டால் அதைத் திருத்த இயலாது. பூங்காவோ உயிருள்ள பொருள் போன்றது, அதைத் திருத்தலாம், கூட்டலாம், வளர்க்கலாம் என்பது அவருடைய கருத்து. உலகில் கற்பனை உள்ளவரை டிஸ்னிலேண்ட் முற்றுப்பெறாது என்றும் அவர் கூறிவந்தார். சொன்னதைச் செயலிலும் காட்டினார். திறப்பு விழா முடிந்த நான்கே ஆண்டுகளில், 1959இல், பனிமலை வடிவச் சவாரியான மேட்டர்ஹார்ன், நீர்மூழ்கிக் கப்பல் சவாரி, ஒற்றைத் தண்டவாள ரயில் ஆகிய மூன்றும் பூங்காவில் சேர்ந்தன.

அதே பூங்காவில் நிதானத்துக்கும் ஒரு சான்று உண்டு. 'ஹாண்டட் மேன்ஷன்' எனப்படும் பேய்மாளிகையின் வெளிப்புறம் 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கதவுகள் மக்களுக்குத் திறந்ததோ 1969 ஆகஸ்டில்தான். இடையில் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கான பணிகள் குறுக்கிட்டன. 1966இல் வால்ட் டிஸ்னியும் மறைந்தார். ஆறு ஆண்டுகள் வெறும் மாளிகையாக நின்ற அக்கட்டடம், இன்றும் மக்கள் விரும்பி நுழையும் இடமாக விளங்குகிறது.

அண்டையில் ஒரு போட்டியாளர்

புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் பூங்காவைத் திறந்தது. 1982இல் எப்காட் பூங்காவும், 1989இல் திரைப்படத்தைப் பொருளாகக் கொண்ட மூன்றாவது பூங்காவும் வந்தன. அடுத்த ஆண்டே, 1990 ஜூன் 7 அன்று, அதே திரைப்படப் பொருளைக் கொண்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் புளோரிடா பூங்கா ஆர்லாண்டோவில் கதவைத் திறந்தது.

முதல் நாள் யுனிவர்சலுக்கும் இனிமையாக அமையவில்லை. 'ஜாஸ்' என்னும் சுறாமீன் சவாரி உள்ளிட்ட பெரிய கேளிக்கைகள் பழுதாகி நின்றன. அச்சுறுத்த வேண்டிய சுறாமீன் செயலற்றுப்போன அச்சவாரி, அதே ஆண்டில் மூடப்பட்டுப் புதிதாக வடிவமைக்கப்பட்டது. 1993இல்தான் மீண்டும் இயங்கியது. பின்னர் டிஸ்னி 1998இல் அனிமல் கிங்டம் பூங்காவைத் திறக்க, யுனிவர்சல் 1999இல் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்காவைத் திறந்தது. அதன்பின் சில ஆண்டுகள் போட்டியின் வேகம் தணிந்திருந்தது.

மந்திரப் பள்ளியின் வரவு

2010 ஜூன் 18 அன்று நிலைமை மாறியது. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியும் ஹாக்ஸ்மீட் என்னும் சிற்றூரும் யுனிவர்சல் பூங்காவில் உருப்பெற்றன. பனி படர்ந்த கூரைகள், மந்திரக்கோல் விற்கும் கடை, கதையில் வரும் பானம் என ஒவ்வொன்றும் நூலில் படித்தவாறே அமைந்திருந்தன. மக்கள் சவாரிக்காக மட்டும் வரவில்லை. தாம் நேசித்த ஒரு கதைக்குள் நடந்து செல்லவே வந்தனர். அப்பூங்காவின் வருகையாளர் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது.

இதனையடுத்து இரு நிறுவனங்களும் செயல்பட்ட விதம் ஒப்பிட்டு நோக்கத்தக்கது. 2011 செப்டம்பரில், 'அவதார்' திரைப்படத்தின் உலகைத் தன் பூங்காவில் அமைக்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. சில மாதங்களில், 2012 ஜனவரியில், யுனிவர்சல் தன் பழைய சுறாமீன் சவாரியை மூடியது. அந்த இடத்தில் ஹாரி பாட்டர் கதையின் டயகன் ஆலி என்னும் கடைவீதி எழுந்து, 2014 ஜூலை 8 அன்று திறக்கப்பட்டது. இரு பூங்காக்களையும் இணைக்க, கதையில் வரும் ரயிலும் அன்றே ஓடத் தொடங்கியது. இடிப்பது முதல் திறப்பது வரை எடுத்த காலம் இரண்டரை ஆண்டுகளே. டிஸ்னி அறிவித்த 'பண்டோரா' உலகமோ 2017 மே 27 அன்றுதான் மக்களை வரவேற்றது.

அறிவிப்பைக் கேட்டபோது ஆறு வயதாக இருந்த குழந்தைக்குப் பண்டோரா திறக்கும்போது ஏறத்தாழ பன்னிரண்டு வயது. நிறுவனத்தின் கணக்கில் ஆறு ஆண்டுகள் சில பக்கங்களில் அடங்கும். ஒரு குழந்தைக்கு அதுவே குழந்தைப் பருவத்தின் பாதி. தாமதம் தரத்துக்கு நல்லது என்று வாதிடுவோர் இந்தக் கணக்கை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

டிரான் என்னும் சவாரியின் கதையும் இத்தகையதே. 2016 முதல் சீனாவின் ஷாங்காய் டிஸ்னிலேண்டில் இயங்கிவரும் அச்சவாரியைப் புளோரிடாவிலும் அமைக்கப்போவதாக 2017 ஜூலையில் டிஸ்னி அறிவித்தது. ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருந்த சவாரியை மற்றோரிடத்தில் ஓடச் செய்ய 2023 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் கொரோனாப் பெருந்தொற்று வந்தது உண்மையே. அதே பெருந்தொற்றால் தன் புதிய பூங்காவான 'எபிக் யுனிவர்ஸ்' பணியை 2020இல் நிறுத்திய யுனிவர்சல், 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கி, ஐந்து உலகங்களைக் கொண்ட அந்த முழுப் பூங்காவையும் 2025 மே 22 அன்று திறந்துவிட்டது.

இவ்வேறுபாட்டுக்குத் திறமைக்குறைவு காரணமன்று. உலகிலேயே மிகுதியான மக்கள் வருகை தரும் பூங்கா மேஜிக் கிங்டம். புதியது ஒன்றும் சேராவிட்டாலும் அங்குக் கூட்டம் குறைவதில்லை. முதலிடத்தில் இருப்பவருக்கு அவசரமில்லை; அடுத்த இடத்தில் இருப்பவருக்கு உறக்கமில்லை. வால்ட் டிஸ்னியின் காலத்தில் இருந்த வேகம், வெற்றி பெருகப் பெருகத் தளர்ந்தது. அந்த வேகத்தைப் போட்டியாளர் எடுத்துக்கொண்டார்.

விரைவின் விலை

விரைவு மட்டுமே சிறப்பு என்று கொள்வதும் பொருந்தாது. 2019 ஜூனில் யுனிவர்சல் திறந்த ஹாக்ரிட் மோட்டார்சைக்கிள் சவாரி மிகச் சிறந்த படைப்பு எனப் பாராட்டப்பட்டது. ஆனால் முதல் நாள் வரிசையில் காத்திருக்கும் நேரம் பத்து மணி வரை நீண்டது. தொடக்க வாரங்களில் அச்சவாரி அடிக்கடி நின்றது. முழுமையாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய காலத்தை, வெயிலில் நின்ற மக்களே தம் பொறுமையால் ஈடுசெய்தனர்.

புதியதைச் சேர்க்கும் ஆர்வத்தில் உள்ளதைப் பேணத் தவறுவதும் உண்டு. டிஸ்னியின் அனிமல் கிங்டமில் ஆனந்தபூர் என்றொரு கற்பனை நாடு உள்ளது. இந்தியா, நேபாளம் முதலிய நாடுகளின் கட்டடக் கலையைத் தழுவி எழுப்பப்பட்ட அவ்விடத்தில், 2006இல் 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' என்னும் மலைச் சவாரி திறக்கப்பட்டது. பனிமனிதன் என்று சொல்லப்படும் எட்டியின் மாபெரும் இயந்திர உருவம், பயணிகளை நோக்கிக் கைநீட்டிப் பாய்வதே அதன் உச்சக்காட்சி. சில மாதங்களிலேயே அவ்வுருவம் அசைவதை நிறுத்தியது. அதன்பின் பல ஆண்டுகளாக, மின்னி மறையும் விளக்கொளியே அசையாத எட்டியை அசைவது போலக் காட்டிவருகிறது. பல புதிய சவாரிகள் அறிவிக்கப்பட்டன, திறக்கப்பட்டன. எட்டி நீட்டிய கையுடன் நின்றுகொண்டே இருக்கிறது.

புதியது வர, பழையது இடம்விட வேண்டும் என்பதும் இப்போட்டியின் மறுபக்கம். மேஜிக் கிங்டம் திறந்த நாள் முதல் இருந்த ஆறும், அதில் மிதந்த துடுப்புச் சக்கரப் படகும், நடுவில் இருந்த தீவும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. அங்கே 'கார்ஸ்' திரைப்படத்தைப் பொருளாகக் கொண்ட புதிய பகுதி வரவிருக்கிறது. மொழிக்கு இலக்கணம் வகுத்தோர், பழையவை நீங்கிப் புதியவை வந்து சேர்வதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆயினும், தந்தையின் கைபிடித்து அப்படகில் ஏறிய ஒருவர் தம் பிள்ளையை அழைத்துவரும்போது, காட்டுவதற்கு அந்த ஆறு இல்லை. புதியது தரும் மகிழ்ச்சியைக் கணக்கிடுவோர், இந்த இழப்பையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

போட்டியின் பயன்

போட்டி இல்லையெனில் இவை எவையும் இத்துணை விரைவில் வந்திரா. 2023 செப்டம்பரில், பூங்காக்களும் கப்பல்களும் அடங்கிய தன் தொழிற்பிரிவில் பத்து ஆண்டுகளில் 60 பில்லியன் டாலர் முதலீடு செய்யப்போவதாக டிஸ்னி அறிவித்தது. அண்டையில் எபிக் யுனிவர்ஸ் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஒருவரின் விழிப்பு மற்றவரின் உறக்கத்தைக் கலைக்கிறது. அதன் பயன் இருவரின் வாயிலிலும் நிற்கும் மக்களைச் சேர்கிறது.

எனினும், ஆண்டுக்கு எத்தனை சவாரிகள் சேர்ந்தன என்னும் எண்ணிக்கை மட்டும் வெற்றியின் அளவாகாது. அதற்குச் சான்றாக ஒரு பழைய படகுச் சவாரி உள்ளது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காக, மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கப்பட்டது 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு'. பல நாட்டுக் குழந்தைகளின் உருவப் பொம்மைகள் ஒரே பாடலைப் பாட, அவற்றினிடையே படகு மெல்ல நகரும். பேய்மாளிகை ஆறு ஆண்டுகள் காத்திருந்து திறந்தது. இச்சவாரி அவசரத்தில் பிறந்தது. இரண்டும் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றன. ஒன்றை நிலைக்கச் செய்வது, அதைக் கட்டிய காலத்தின் நீளமோ குறுக்கமோ அன்று. கட்டிய பின்னும் தொடரும் பேணுதலும், மீண்டும் வருவோரின் அன்புமே அதை நிலைக்கச் செய்கின்றன.

மேஜிக் கிங்டமில் அப்படகு 1971 முதல் ஓடுகிறது. அன்று குழந்தையாக ஏறியவர் இன்று பேரக்குழந்தையுடன் ஏறுகிறார். 'ஸ்பேஸ் மவுன்டன்' வாயிலில் முகம் வாடிய குழந்தையும் அங்கே வருகிறது. அச்சவாரிக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. குதிகாலை உயர்த்தாமலே அக்குழந்தை படகில் ஏறி அமர்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. "முதலிடத்தில் இருப்பவருக்கு அவசரமில்லை; அடுத்த இடத்தில் இருப்பவருக்கு உறக்கமில்லை" – கட்டுரையில் உள்ள சான்றுகளுடன் விளக்குக.

2. டயகன் ஆலி, பண்டோரா ஆகிய இரண்டும் உருவான காலத்தை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

3. புதியதைச் சேர்ப்பது, உள்ளதைப் பேணுவது – இவற்றுள் எதற்கு முதலிடம் தரலாம்? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

4. உம் ஊரில் புதியது ஒன்று வருவதற்காக நீக்கப்பட்ட பழைய இடம் ஒன்றைப் பற்றி, அதை அறிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக.