வீட்டைச் சுமந்த சக்கரங்கள்

முழங்கால் நோயுற்ற எங்கள் அன்னையாரை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் தஞ்சைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. கோடை விடுமுறையில் இரயிலில் கீழ்ப்படுக்கை கிடைப்பதன் அருமையைச் சங்க அன்பர்கள் நன்கறிவர். ஆகவே, படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த காரவான் ஒன்றை ஓட்டுநருடன் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, செம்பூரினின்று விடியற்காலையில் புறப்பட்டோம்.

புணேயைக் கடந்து கம்பட்கி மலைப்பாதை ஏறினோம். சாத்தாராவுக்கு அப்பால் இருமருங்கும் கரும்புத் தோட்டங்கள். அன்னையார் படுத்தவாறே சாளரத்தின் வழியே அவற்றைக் கண்டு மகிழ்ந்தார். அன்றிரவு கோலாப்பூரில் தங்கினோம். மறுநாள் தார்வாடில் பேடா வாங்கிக்கொண்டு, ஹாவேரி தாண்டி ஒரு சாலையோர உணவுவிடுதியில் வேப்பமர நிழலில் நின்றபோது பிற்பகல் இரண்டு மணி. தார்ச்சாலை அனலாய்க் கொதித்தது.

அங்கே தமிழ்நாட்டு லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் இரும்புத்தடி கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

"எந்த ஊர் தம்பி?" என்றார் அன்னையார்.

"நாமக்கல் பக்கமுங்க அம்மா."

ஊர்ப்பேச்சு சிறிது நடந்தது. பிறகு அவர் தாமாகவே எங்கள் வண்டியையும் சுற்றி வந்து தட்டினார். ஐந்து டயர்கள் 'டங்' என்றன. பின்புறத்து இடப்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்ளிருந்தது மட்டும், சாக்குமூட்டையில் அடித்தாற்போல் 'தொப்' என்றது.

"உள் டயர்ல காத்தே இல்லீங்க. இப்படியே போனா வெளி டயரும் வெடிச்சுப் போயிருமுங்க."

இரண்டு சுமக்க வேண்டிய பாரத்தை ஒன்றே சுமந்து சூடேறிக்கொண்டிருந்தது. காலையில் எங்கள் ஓட்டுநர் காலால் உதைத்துப் பார்த்தது வெளிச் சக்கரத்தை மட்டுமே. அதன் மறைவில் கிடந்ததை யார் கண்டார்? அதற்கு நேர்மேலேதான் அன்னையாரின் படுக்கை.

அருகிலிருந்த பஞ்சர் கடையில் டயரைக் கழற்றியபோது, காற்றின்றி ஓடியதால் தேய்ந்த ரப்பர் கரும்பொடியாய் உள்ளிருந்து கொட்டிற்று. பக்கச்சுவரில் வெடிப்புகள். ஆயினும் மேற்பள்ளங்கள் புதியதைப் போல் ஆழமாகவே இருந்தன! சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரினும் மிகுதி. கடைக்காரர் பக்கச்சுவரில் பொறித்திருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 2216. அதாவது, 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. எட்டு வயது! மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னிக்கும் அதே வயது.

வண்டிக்குடையவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "ஆண்டில் பாதி நாள் நிற்கும் வண்டி. அதற்கேன் புது டயர்?" என்றார். நிற்பதுதான் கேடு என்பதை அவர் அறியார். ஓடித் தேய்வதற்குள், வெயிலில் நின்றே காரவானின் டயர் முதுமையடைந்துவிடுகிறது. ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் பழுது தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்தாண்டு என்பது பொதுவான உச்சவரம்பு. காரவானுக்கோ அதற்கு வெகுமுன்பே மாற்றுதல் நலம்.

குற்றம் அவருடையது மட்டுமன்று. வாடகை பேசியபோது நாங்கள் மெத்தையை அழுத்திப் பார்த்தோம். அடுப்பை ஏற்றிப் பார்த்தோம். திரைச்சீலையின் நிறத்தைக்கூட விவாதித்தோம். குனிந்து சக்கரத்தைப் பார்த்தவர் எங்களுள் எவருமிலர். மேலும், நூறு லிட்டர் நீர்த்தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ ஏறும் என்பதையும் எண்ணாமல், அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் அதே இடப்பக்கத்தில் அடுக்கியிருந்தோம். புறப்படுமுன் எடைமேடையில் ஒருமுறை ஏற்றியிருக்கலாம்.

ஸ்டெப்னியை மாட்டி, மெல்ல ஊர்ந்து தாவணகெரே சேர்ந்தோம். மறுநாள் காலை வெண்ணெய்த் தோசை உண்டபின் டயர்க் கடைக்குச் சென்று ஆறையும் மாற்றினோம். இரட்டையில் ஒன்று புதியதும் மற்றது பழையதுமாக இருந்தால் பாரம் சமமாய்ப் பிரியாது. கடையில் எடுத்து வைத்த ஆறனுள் ஒன்று ஈராண்டு பழைய சரக்கு என்பதை எங்கள் இளைய மகன் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்து மாற்றச் செய்தான். செலவில் பாதியை வண்டிக்குடையவர் பின்னர் வாடகையில் கழித்துக்கொண்டார். மீதிக்காக வாதாட எங்களுக்குத் தெம்பில்லை.

அதன்பின் நாள்தோறும் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவுகருவி வைத்துக் காற்றழுத்தம் பார்த்தோம். கதவோரத் தகட்டில் குறித்த அளவே கணக்கு. ஓடிச் சூடேறியபின் அழுத்தம் கூடித்தான் காட்டும். ஓசூரில் எங்கள் ஓட்டுநர் அதைக் கண்டஞ்சிக் காற்றை இறக்கப் போனார், தடுத்தோம். இறக்கியிருந்தால், குளிர்ந்தபின் குறைகாற்றாகிப் பக்கச்சுவர் நெளிந்து மீண்டும் வெடிப்புக்கே வழியாகியிருக்கும்.

சேலம் கடந்து நாமக்கல் கோட்டைப்பாறை தெரிந்தபோது, "அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்காமல் விட்டோமே!" என்று அன்னையார் வருந்தினார். தேநீருக்கு வண்டியை நிறுத்தினோம். இளைய மகன் கட்டையுடன் இறங்கிச் சுற்றி வந்தான். அன்னையார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆறும் 'டங்' என்றன.