அறுபது பாகை சாய்ந்த கார்

ஓட்டுநர் பெல்ட் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்க, காரை இரும்பு மேடையோடு சேர்த்து ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். முப்பது பாகை. நாற்பத்தைந்து. அறுபதில் நிறுத்தினார்கள். மேல்பக்கத்துச் சக்கரங்கள் மேடையை விட்டு எழும்பக் கூடாது. பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ ஒரு சொட்டுக்கூடக் கீழே விழக் கூடாது. அணியிலேயே உயரமான ஓட்டுநர்தான் உள்ளே உட்கார வேண்டும் என்பதும் விதி. அதிகாரி டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்ததும் சுற்றி நின்ற பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்துக் கூடாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குழாய் வெட்டியது, பற்றவைத்தது, கடைசி போல்ட் வரை பூட்டியது எல்லாமே அந்தப் பிள்ளைகள்தான்.

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரியில் நடக்கும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி அது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓர் அணியில் இருந்ததால் எனக்கும் உள்ளே போக வழி கிடைத்தது.

எனக்கு ஊர் புதுச்சேரியின் தெற்கு ஓரத்தில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் தேங்காய்த்திட்டு. கார் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவதை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிழை மேட்டை விரிப்பார்கள், ரெசினில் ஹார்டனரைக் கலந்து தடவுவார்கள், காற்றுக் குமிழி நிற்காதபடி ரோலரை ஓட்டுவார்கள். படகில் வீணாக ஏறும் ஒவ்வொரு கிலோவும் எண்ணெய்ச் செலவில் வந்து நிற்கும் என்பது கடலுக்குப் போகும் எவருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு பேர் உட்காரக்கூடிய, மிக இலேசான ஒரு காரைக் கையிலிருக்கும் பணத்துக்குள் நானே கட்ட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. அது நடக்கிற காரியமா என்று பார்க்கத்தான் இரவுப் பேருந்து ஏறினேன். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தது வண்டி. விடியும்போது அவினாசியைத் தாண்டியிருந்தோம். கடற்கரைக்காரனுக்கு மேற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் நிற்பதே பெரிய காட்சி. அந்தக் குளிர்காற்றை வாங்கிக்கொண்டே காந்திபுரத்தில் இறங்கினேன்.

கோவையில் தெருவுக்குத் தெரு லேத் சத்தம். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து பழகிய ஊர் காரையும் செய்து பார்த்ததில் ஆச்சரியமில்லை. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1952-லேயே இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை இங்கே உருவாக்கிக் காட்டினார். அரசு உரிமம் தராததால் அது உற்பத்திக்குப் போகவில்லை. அந்த உரிமம் மட்டும் கிடைத்திருந்தால் நம் ஊர்ச் சாலைகளின் கதையே வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருக்கு அடுத்து வந்தவர் எஸ். கரிவரதன். செட்டிபாளையத்து ஓடுதளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்து, பந்தயம் ஓட்டி, பந்தயக் காரும் கட்டியவர். இந்தியாவில் பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து பெருஞ்செலவில் வரவழைக்க வேண்டியிருந்த காலம் அது. 1988-ல் அவர் கொண்டுவந்த ‘ஃபார்முலா மாருதி’ அந்த நிலையை மாற்றியது. எஃகுக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடல், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். அதாவது ஊரில் எந்த மெக்கானிக்குக்கும் பழகிப்போன எஞ்சின். நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது அந்தக் காரில்தான். கருண் சந்தோக்கும் அதில் தொடங்கியவரே. ஃபார்முலா ஒன்றுக்குப் போன இரண்டு இந்தியர்களும் ஏறிய முதல் படி, கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சினால் ஓடியது. கரிவரதன் 1995-ல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார்.

சுமார் 40 குதிரைத்திறன் உள்ள எஞ்சினை வைத்துப் பந்தயமா என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாருதி 800-இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. ஒரு குதிரை 16 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அதே எஞ்சினை 400 கிலோ காரில் பொருத்தினால் ஒரு குதிரைக்குப் பத்தே கிலோ. அந்த விகிதத்தைப் பழைய உடலிலேயே எட்ட 65 குதிரைத்திறன் வேண்டும். எஞ்சினைப் பிரித்து அந்தக் கூடுதல் திறனை வாங்கப் பணம் தண்ணீராய்ச் செலவாகும். எஞ்சினின் ஆயுளும் குறையும். எடையைக் குறைத்தாலோ பிரேக்கும் டயரும்கூட நீண்ட நாள் உழைக்கும், வளைவுகளிலும் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். காசு குறைந்தவனுக்குக் கிடைக்கும் குதிரைத்திறன் எடைக்குறைவுதான்.

இதையே பிழைப்பாக்கிக் காட்டிய நாடு இங்கிலாந்து. காலின் சாப்மன் 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து முதல் காரைக் கட்டினார். 1957-ல் வந்த அவரது லோட்டஸ் செவனைத் துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ள முடிந்தது. முழுக் காருக்கு உரிய வரி அப்போது அதற்கு இல்லை. 1973-ல் அந்தக் காரைத் தயாரிக்கும் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய சிறிய கார் ஒன்றில் இருப்பது சுசுகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். காரின் எடை 440 கிலோ. அதையும் வாங்க முடியாதவர்களுக்காக ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர் 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் அங்குலச் சதுரக் குழாயும் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டும் இருந்தால் 250 பவுண்டுக்குள் கார் கட்டலாம் என்பது அவர் வாதம். அதை நம்பி எத்தனையோ பேர் வீட்டுக் கொட்டகையில் வெல்டிங் மெஷினை இறக்கினார்கள்.

நமக்கு எஸ்கார்ட் இல்லை. எதை உடைத்து எதைக் கட்டுவது என்ற கேள்வியோடு கோவை கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். போட்டிக்கு வந்த அணி ஒன்றுக்கு வீல் ஹப் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார் அங்கிருந்த பெரியவர். “பாண்டிங்களா? அவ்வளவு தூரத்துல இருந்தா வந்தீங்க?” என்று டீ சொன்னார். மாருதி ஆம்னியா, 800-ஆ என்று கேட்டேன்.

“முன்னால எஞ்சின், பின்னால இழுவைன்னா ஆம்னி எடுங்க தம்பி. ஷாப்ட்டு, பின் ஆக்சிலு எல்லாமே அதுலயே வந்துருமுங்க. ஆனா அந்த ஆக்சிலு கனம். 800-ன்னா எஞ்சின், கியர்பாக்ஸு, டிரைவ் ஷாப்ட்டு மூணையும் அப்படியே தூக்கிச் சீட்டுக்குப் பின்னால வெச்சுக்கலாமுங்க. கியர் மாத்தற கேபிளுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெடணும்.”

பிறகு ஒரு குழாய்த் துண்டை என் கையில் கொடுத்தார். “கனத்தப் பாத்து வாங்கிப்போடாதீங்க. முக்கோணமா கட்டுனா மெல்லிசுப் பைப்பே போதுமுங்க. சதுரமா விட்டுட்டு மொத்தப் பைப்பு போட்டாலும் அது கோணிக்கும்.”

அவர் சொன்னதைக் கண்ணால் காணக் கூடாரங்களைச் சுற்றினேன். ஒவ்வொரு சட்டத்திலும் குழாய்கள் சந்திக்கும் கணுவை நோக்கியே சஸ்பென்ஷனின் விசை வந்து இறங்குகிறது. குழாயின் நடுவில் எதையும் தொங்கவிடுவதில்லை. பல அணிகள் கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சினைப் போட்டிருந்தன. எஞ்சினோடு கியர்பாக்ஸும் ஒரே கட்டாக வந்துவிடுவதால் எடையும் மிச்சம், காசும் மிச்சம். எஞ்சின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும், அது இழுக்கும் காற்றெல்லாம் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அதனால் எல்லோருடைய மூளையும் திறனை விட்டு எடையில் இறங்கிவிடுகிறது. மூக்குப் பகுதியைத் தட்டிப் பார்த்தேன்: எங்கள் ஊர்ப் படகுகளுக்குப் போடும் அதே மேட், அதே ரெசின், அடுக்குகள் மட்டும் குறைவு.

சிக்கனம் செல்லாத இடங்களையும் அங்கே கண்டேன். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் வளையம் 25 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுக் குழாய். அங்கே எவரும் எடையைப் பற்றிப் பேசுவதில்லை. பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெல்ட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஐந்து விநாடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். சொந்தமாகக் கார் கட்ட நினைப்பவர்கள் எஞ்சினைப் பழைய இரும்புக் கடையில் வாங்கலாம், இருக்கையைத் தாங்களே தைக்கலாம். பிரேக், பெல்ட், இந்த வளையம் மூன்றையும் புதிதாக, தரமாக வாங்கப் பணம் சேராதவரை காரைக் கிளப்பவே கூடாது.

அப்படிக் கட்டிய காரை நம் சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஒரே ஒரு காரைக் கட்டியவரும் அதைச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு வாங்க வழியிருக்கிறது. நம் மோட்டார் வாகன விதிகள் உற்பத்தியாளரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புது வாகனத்தின் முன்மாதிரி புனேவில் இருப்பது போன்ற சோதனை நிறுவனம் ஒன்றில் தேற வேண்டும். வீட்டில் ஒரு கார் கட்டுகிறவருக்கு அந்தச் செலவு கட்டாது. சட்டத்தை வளைக்க நான் சொல்ல மாட்டேன். செட்டிபாளையமும் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும் இருக்கும்போது இலேசான காருக்கு உரிய இடம் ஓடுதளமே. லாரியும் பேருந்தும் நெரிக்கும் சாலையில் 400 கிலோ காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து போவதை நானே விரும்பவில்லை.

கடைசி நாள் தாங்குதிறன் ஓட்டம். சுமார் 22 கிலோமீட்டர், பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும். அப்போது எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்ப வேண்டும். சூடேறிய எஞ்சின் பல அணிகளைக் கைவிடுவது அந்த இடத்தில்தான். எங்கள் தெருப் பையனின் காரும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. மீதிச் சுற்றுகளை அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். கொடி விழுந்ததும் ஓடிவந்து என்னிடம் முதலில் சொன்னது வெற்றியைப் பற்றி இல்லை: “அண்ணே, பின் அப்ரைட்ல இன்னும் ரெண்டு கிலோ எடுக்கலாம்ணே.” சக்கரத்தைத் தாங்கும் அந்தத் துண்டில் எங்கே எடுப்பது என்று அங்கேயே தரையில் குந்தி, சாக்பீஸால் வரைந்து காட்டத் தொடங்கினான். நானும் குந்தினேன்.