‘நாங்கள்’ என்ற சொல்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கதாநாயகன் எந்த ஊரில் இறங்க வேண்டும், யாரை மணக்க வேண்டும், எந்த அத்தியாயத்தில் அழ வேண்டும் என்பதையெல்லாம் அவனே தீர்மானித்துவிடலாம். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, என் வாழ்க்கைக்கும் நான் நிறையத் திட்டங்கள் போட்டிருக்கிறேன். அவற்றில் முக்கால்வாசி, முதல் அத்தியாயத்தைக்கூடத் தாண்டவில்லை.

சென்ற மாதம் நண்பர் ஒருவருடைய மகன் என்னைக் காண வந்தான். கையில் இரண்டு வேலை உத்தரவுகள் இருந்தன. “இதில் தேவசித்தம் எது என்று எப்படி மாமா தெரிந்துகொள்வது?” என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதே கேள்வியோடு நான் நின்ற நாள் நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் என் தகப்பனார் காலமானார். பட்டம் பெறுவது, பிறகு சட்டம் படிப்பது என்ற திட்டம் அவரோடு போயிற்று. சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் போலிருந்தது. பாளையங்கோட்டையிலேயே ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலையும் இருந்தது. சம்பளம் அதில் பாதிதான். நான் ஜெபம் செய்தேன். ஓர் அடையாளம் காட்டும்படி கேட்டேன். மறுநாள் காலைத் தபாலில் சென்னைக் கடிதம் வந்து சேர்ந்தது. இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு என்ன வேண்டும்!

சனிக்கிழமைதோறும் பாடற்குழுப் பயிற்சி முடிந்ததும் கோயில் படியில் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவோம். தையற்கடை அண்ணாச்சி, பள்ளிக்கூடக் குமாஸ்தா ஒருவர், நான். அன்று கடிதத்தைக் காட்டினேன். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அடையாளம் கேட்டேன் என்கிறீர்களே தம்பி, அம்மாவைக் கேட்டீர்களா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அப்பா போனதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். அதை நான் படுத்தபடியே பார்த்திருக்கிறேன். சம்பளத்தைப் பற்றி ஆண்டவரிடம் அத்தனை விவரமாகப் பேசியவன், அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஊரிலேயே தங்கினேன். அதனால் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லை. அந்தச் சம்பளத்தில் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் கணக்கு இன்னும் என் மனத்தில் தீரவில்லை. அம்மா நான்கு ஆண்டுகள் இருந்தாள். மாதக் கடைசிகளில் அண்ணாச்சி வீட்டு அரிசி எங்கள் வீட்டுக்கு வரும். கேள்வி கேட்ட மனிதர் கேள்வியோடு நின்றுவிடவில்லை.

வெகுநாள் கழித்து, அப்போஸ்தலர் நடபடிகளில் பதினாறாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க நினைக்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், மறுபடியும் தடை. துரோவாவில் ஓர் இரவு, மக்கெதோனியாக்காரன் ஒருவன் வந்து அழைப்பதுபோல் தரிசனம் காண்கிறார். தரிசனம் கண்டது ஒருவர். ஆனால் அடுத்த வசனத்தில், அழைப்பு இதுதான் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள் ‘நாங்கள்’! அதுவரை ‘அவர்கள்’ என்று போய்க்கொண்டிருந்த கதை அந்த இடத்தில்தான் ‘நாங்கள்’ என்று மாறுகிறது. கதை எழுதுகிறவன் ஆகையால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். சரியான வழி சுகமான வழி என்றும் அங்கே சொல்லவில்லை. அவர்கள் போன பிலிப்பி பட்டணத்தில் பவுலுக்கும் சீலாவுக்கும் கிடைத்தவை அடியும் சிறையும்தான்.

எங்கள் சீமையில், வெள்ளாளன்விளையில், 1874-ல் பிறந்தவர் அசரியா. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாதவர்; பின்னால் 1912-ல் தோர்னக்கல்லின் அத்தியட்சர் ஆனவர். 1910-ல் எடின்பரோ மிஷனெரி மகாநாட்டில், அந்நிய மிஷனெரிமாரின் தியாகங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பது. இளமையில் அது எனக்குச் சிறிய கோரிக்கையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆண்டவர் பிரயாணத்தின் படத்தை நம் கையில் கொடுத்துவிடுவதில்லை. கூட நடக்க ஆட்களைக் கொடுக்கிறார்.

அந்தப் பையனிடம் நான் எந்த உத்தரவையும் பிரித்துப் பார்க்கவில்லை. “இதை வேறு யாரிடமாவது சொன்னாயா?” என்று மட்டும் கேட்டேன்.

“இல்லை மாமா, ஜெபம் மட்டும்தான் பண்ணினேன்.”

“நல்லது. உனக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள் இரண்டு பேரிடம் சொல். அவர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஜெபம் பண்ணு.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அன்று கோயில் படியில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.