ஒப்புக்குச் சப்பாணி

மே மாசம் ஆயிட்டா எங்க முந்திரிக்காட்டில் பெரியவங்களைவிடப் பிள்ளைங்கதான் அதிகம். கொட்டை பொறுக்க வர்றது பாதி, பழம் தின்ன வர்றது மீதி. செந்துறைப் பக்கத்துச் செம்மண்ணில் வெயில் ஏறினதும் தரை சுடும். அப்புறம் எல்லாம் நிழலுக்கு வந்து ஆட்டம் போட ஆரம்பிச்சுடும்.

2025 மே 1ஆம் தேதி கிராமசபைக்குப் போயிட்டு வந்து அந்த நிழலில்தான் உக்காந்தேன். கிராமசபைன்னா பெருசா எதுவும் நினைச்சுக்காதீங்க. தீர்மானத்தைப் படிச்சாங்க, கேட்டோம், கையெழுத்துப் போட்டோம், டீ குடிச்சோம். வராதவங்க வீட்டைத் தேடி நோட்டு போகும். இது பல ஊரில் நடக்கிற கதைதான்.

"அங்க போயி என்ன தாத்தா பண்ணுவீங்க?"ன்னு பேரன் கேட்டான். ஊரில் ஓட்டு உள்ள எல்லாருமே கிராமசபை உறுப்பினர், வருஷத்துக்கு 6 தடவை கூடணும், ஜனவரி 26, மார்ச் 22ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ஆகஸ்ட் 15 வர்றதுக்குள்ள கொட்டாவி விட்டுட்டான்.

சரின்னு, பொறுக்கி வெச்சிருந்ததில் 100 கொட்டையை எண்ணிக் குவிச்சேன். "இதுதான் ஊராட்சிப் பணம். ரோடு போட 60, தண்ணித் தொட்டிக்கு 40, குளம் தூர்வார 50, தெருவிளக்கு ஒண்ணுக்கு 10. என்ன செய்யலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னேன். கொட்டையைக் கடையில் போட்டா ஐஸ் கிடைக்கும்னு அதுகளுக்குத் தெரியும். அதனால எல்லாம் ஒழுங்கா உக்காந்துச்சு. பேரன்தான் பொருளாளர்.

மொத்தம் 14 பேர். எங்க தெருப் பிள்ளைங்க 9, காலனிப் பிள்ளைங்க 5. (காலனிங்கிற பேரை அரசுப் பதிவில் இருந்து எடுக்கப் போறதா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சட்டமன்றத்தில் அறிவிச்சாங்க. எங்க வாயில் இருந்து அது இன்னும் போகல.) கை தூக்கச் சொன்னேன். எங்க தெருவுக்கு ரோடு, எங்க தெருவுக்கே தொட்டி. நூறும் தீர்ந்துபோச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகல.

அஞ்சு பேரும் எழுந்துட்டாங்க. "அழுகுணி ஆட்டம், நாங்க வரல."

"பெரும்பான்மை சொன்னா கேக்கணும்ப்பா, அதான் சனநாயகம்"னு நான் சமாதானம் சொன்னேன். அந்த அஞ்சில் ஒரு பொண்ணு, ஆறாவது முடிச்சது, நேரா என்னைப் பாத்துக் கேட்டுச்சு: "ஒன்பது பேரு ஒரு பக்கம், அஞ்சு பேரு ஒரு பக்கம் நின்னு கபடி ஆடுவாங்களா? உத்தி பிரிச்சுத்தானே ஆடுவோம்?"

நகரத்தில் வளர்ந்தவங்களுக்கு உத்தி பிரிக்கிறது தெரியாம இருக்கலாம். அணிக்கு ஒருத்தரா ரெண்டு தலைவர். மத்தவங்க, பலத்தில் சமமா இருக்கிற ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து, தள்ளிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பேர் வெச்சுக்கிட்டு வருவாங்க. "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" தலைவர் ஒரு பேரைச் சொல்வார். யார் மாம்பழம்னு அவருக்குத் தெரியாது. நல்ல ஆட்டக்காரனை எல்லாம் ஒரே பக்கம் இழுத்துக்க முடியாது. இதை யாரும் எழுதி வெக்கல, ஆனா பிள்ளைங்க மீறவும் மாட்டாங்க.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வுக்குப் பிறகு 2009இல் பிள்ளைங்க கணினி விளையாட்டு மூலமா அரசாங்கத்தைப் பத்திக் கத்துக்க ஒரு திட்டம் தொடங்கினாங்க. நல்ல காரியம். எங்க காட்டில் கணினி கிடையாது, உத்திதான் இருந்துச்சு.

அந்தப் பொண்ணே புது விதி சொல்லுச்சு. முதலில் திட்டம் போடணும். யார் எந்தத் தெருவில் இருக்கப் போறாங்கன்னு அப்புறம்தான் சீட்டு எடுக்கணும். இந்தத் தடவை அரை மணி நேரம் சண்டை நடந்துச்சு. எந்தத் தெரு கைக்கு வரும்னு தெரியாததால, ரெண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு தொட்டி, தெருவுக்கு மூணு விளக்குன்னு முடிவாச்சு. அப்பவும் "தொட்டி எங்க வீட்டுப் பக்கமா கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்"னு ஒருத்தன் கடைசிவரை இழுத்துக்கிட்டே இருந்தான்.

காலையில் நடந்த நிசக் கூட்டத்தில் அந்தப் பொண்ணோட தெருக்காரங்க ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது அப்ப உறைக்கல. அவ்வளவு பழகிப்போச்சு.

சீட்டை யார் எடுக்கிறதுன்னு அடுத்த சண்டை. கூட ஒரு நாலு வயசுப் பொடியன் இருந்தான், ஒப்புக்குச் சப்பாணி. கூட ஓடலாம், கத்தலாம், ஆனா அவன் அவுட் ஆனாலும் கணக்கில்ல, தொட்டாலும் கணக்கில்ல. அவனையே செம்புக்குள்ள கைவிட்டு எடுக்கச் சொன்னாங்க. சிரிச்சுட்டேன். 1,100 வருஷத்துக்கு முன்னாடி உத்திரமேரூரில் இதையேதானே செஞ்சாங்க! பராந்தக சோழன் காலத்தில், 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டு அங்க கோயில் சுவரில் இருக்கு. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை எடுக்க வெச்சாங்க. அப்படி எடுத்தவங்கதான் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம். முன்னாடி பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடக் கூடாது. அவனோட நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் போடக் கூடாது.

"எங்க பேரைப் போட்டிருப்பாங்களா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். அது பிராமணர் ஊர்ச்சபை. நிலம் வேணும், வேதம் படிச்சிருக்கணும். பொம்பளைங்களுக்கும் மத்த சனங்களுக்கும் இடமில்ல. இப்ப உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குன்னு 2016இல் இருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்குன்னேன்.

"அப்ப இப்ப நம்ம ஊருக்குத் தலைவர் யாரு?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க மாவட்டத்தில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சுது. அப்புறம் தனி அலுவலர்தான். முன்னாடியும் 2016 அக்டோபரில் முடிஞ்சதுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்துச்சு. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியல் சட்டத்தில் இருக்கு. மூணு வருஷம் ஆட்டமே இல்லாம உக்காந்திருந்தோம், ஒருத்தரும் அழுகுணி ஆட்டம்னு எழுந்திருக்கல. நானும்தான்.

சாயங்காலம் கணக்குப் பாத்தாங்க. 97 கொட்டைதான் இருந்துச்சு. மூணைக் காணோம். பேரன் திருதிருன்னு முழிச்சான். வாயோரம் ஐஸ் சாயம் ஒட்டியிருந்துச்சு.

"கணக்குக் காட்டாதவன் மூணு ஆட்டத்துக்கு வெளிய"ன்னு பொண்ணு சொல்லுச்சு. நான் எண்ணி வெச்ச 97ஐத் துண்டில் முடிஞ்சுக்கிட்டே, "நல்ல தீர்ப்பு. நாளைக்கும் நானே நடுவரா வர்றேன்"னேன்.

"நீங்க அவனுக்குச் சொந்தம். நீங்களும் வரக் கூடாது."

பொடியனுக்குத்தான் என்னைப் பாத்து பாவமா இருந்திருக்கணும். "தாத்தா ஒப்புக்குச் சப்பாணியா வரட்டும்க்கா"ன்னான். கூடிப் பேசினாங்க. சரின்னுட்டாங்க.